வீடு வாங்க முகவர் தேடுகிறீர்களா? “வேண்டாம்” என்று சொல்லத் தெரிந்தவரா என்று பாருங்கள்

கேள்வி: முதல்முறையாக வீடு வாங்கப் போகிறோம். இரண்டு முகவர்கள் அறிமுகமாகியிருக்கிறார்கள். ஒருவர் ஒரே வாரத்தில் ஏழு வீடு காட்டிவிட்டார். நன்றாகப் பழகுகிறார், எப்போது கூப்பிட்டாலும் போனை எடுக்கிறார். மற்றவர் இதுவரை இரண்டு வீடுதான் காட்டினார். அதிலும் ஒன்றை அவரே வேண்டாம் என்கிறார். யாரை வைத்துக்கொள்வது? என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்:

இரண்டாமவரை முதலில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். அவர்தான் சரியான ஆள் என்று நான் இப்போதே சொல்லிவிடவில்லை. அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும், எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். ஆனால் “இந்த வீடு வேண்டாம்” என்று சொல்லும் முகவருக்கு அந்த வார்த்தையால் அன்றைக்கு ஒரு காசு வரவில்லை, கையில் இருந்த ஒரு கமிஷன்தான் போயிருக்கிறது. அப்படி ஒருவர் சொல்கிறார் என்றால் ஏன் சொல்கிறார் என்று கேட்பது நல்லது. நான் பன்னிரண்டு வருடம் முகவர் தொழிலில் இருந்தவன். இப்போது வாங்குபவர்களுக்கு மட்டும் ஆலோசனை சொல்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

முதலில் பணம் எப்படிப் போகிறது என்று ஒரு சின்னக் கணக்கு. வீட்டு விலை 100 பங்கு, கமிஷன் 2 விழுக்காடு என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். முகவருக்குக் கிடைப்பது 2 பங்கு. உங்களுக்காக அவர் மூன்று வாரம் மல்லுக்கட்டி விலையை 95-க்கு இறக்கிக் கொடுத்தால் உங்களுக்கு மிச்சம் 5 பங்கு. அவருக்குக் கிடைப்பதோ 1.90 பங்கு. அதாவது மூன்று வாரம் கூடுதலாக உழைத்து, கையில் வந்திருக்க வேண்டியதிலும் 0.10 குறைகிறது. அதே மூன்று வாரத்தில் இன்னொரு வீட்டை முடித்திருந்தால் முழுசாக ஒரு கமிஷன் வந்திருக்கும். இதை வைத்து முகவர்கள் எல்லோரும் மோசம் என்று சொல்ல வரவில்லை. நல்ல மனிதரையும் இந்தக் கணக்கு தினமும் ஒரு பக்கமாகத்தான் இழுக்கிறது. விலையைவிட, வியாபாரம் முடிவதுதான் அவருக்கு முக்கியமாகிவிடுகிறது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் சிகாகோ வட்டாரத்தில் சுமார் 1,00,000 வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, அதே மாதிரியான வாடிக்கையாளர் வீட்டைவிட ஏறத்தாழ 3.7 விழுக்காடு அதிக விலை வாங்கியிருந்தார்கள், சுமார் 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்தார்கள். தன் வீடு என்றால் பொறுத்திருக்கத் தெரிகிறது, அடுத்தவர் வீடு என்றால் “வந்த விலைக்கு விட்டுடலாம்” என்று தோன்றுகிறது. இது விற்பவர் பக்கத்துக் கதை. வாங்குபவர் பக்கத்திலும் இழுவிசை இதேதான். “இந்த விலைக்கு வாங்கிடலாம், இதுக்கு மேல இறங்காது” என்ற வாக்கியம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

அதனால் எந்த முகவரிடமும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அனுபவம் பற்றியது அல்ல. “இந்த வீட்டு விஷயத்தில் நீங்கள் யாருடைய ஆள்? உங்களுக்குப் பணம் தருவது யார்?” இதைத் தயங்காமல் கேளுங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு வீட்டில் உங்களுக்காகப் பேசுபவர், அடுத்த வீட்டில் உரிமையாளருடைய ஆளாக இருக்கலாம். பிரிட்டனில் எஸ்டேட் ஏஜென்ட் என்று பலகை வைத்திருப்பவர் பெரும்பாலும் விற்பவருக்காக வேலை செய்பவர். அவருக்குக் கட்டணம் தருவதும் விற்பவர்தான். அங்கே முதல் வீடு வாங்கும் பலருக்கு இது தெரியாமல், அவரை உட்காரவைத்து மனம்விட்டுப் பேசிவிடுகிறார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் ஒருவரே முகவராக இருப்பது இன்னும் சிக்கல். இதில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம், ஒரு வீட்டுக்கு விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் நானே முகவர். வீட்டுக்காரர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்: ஒரு மாதத்துக்குள் வேறு ஊரில் வேலையில் சேர வேண்டும், விலை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சரி, முடித்துக் கொடு என்று. மறுநாள் வாங்க வந்த தம்பதி அதே வீட்டு வாசல் படியில் உட்கார்ந்தபடி என்னிடம் கேட்டார்கள்: “அண்ணே, இவர் இன்னும் இறங்குவாரா?” எனக்குப் பதில் தெரியும். சொன்னால் வீட்டுக்காரருக்குத் துரோகம், சொல்லாவிட்டால் இவர்களுக்கு. “கேட்டுப் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்காரர் கேட்ட விலைக்கே அவர்கள் வாங்கினார்கள். இரண்டு வீட்டாரும் எனக்கு நன்றி சொன்னார்கள். அந்த நன்றியை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் நிற்பதை விட்டுவிட்டேன்.

இந்தச் சங்கடத்தைத் தனிமனிதரின் மனசாட்சிக்கு விட முடியாது என்று சில இடங்களில் சட்டமே போட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் ஒரே வியாபாரத்தில் விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஒரே முகவர் இருக்கக் கூடாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2018 ஜூன் முதல், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, இதைத் தடை செய்துவிட்டார்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் தடை இல்லாவிட்டாலும், “இருவருக்கும் நானே பார்க்கிறேன், உங்களுக்கும் செலவு மிச்சம்” என்று ஒருவர் சொன்னால், அந்த மிச்சம் எங்கே இருந்து வருகிறது என்று யோசியுங்கள். அப்படிப்பட்ட வீடு உங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டால், அந்த ஒரு வீட்டுக்கு மட்டுமாவது பேரம் பேச வேறொருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல வழக்கறிஞரே போதும்.

பதிவு, உரிமம் எல்லாம் அடுத்தது. ஐந்து நிமிட வேலை, ஆனால் பலர் செய்வதில்லை. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் மனையோ வீடோ விற்றுக்கொடுக்கும் முகவர் தானும் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவான முகவர்களின் பெயரும் படமும் இந்தச் சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் இருக்க வேண்டும் என்பதும், பதிவு மறுக்கப்பட்டவர்கள், ரத்தானவர்கள் விவரமும் இருக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே உள்ளது. சிங்கப்பூரில் முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் ஒருவர் முடித்துக் கொடுத்த வியாபாரங்களைக்கூடப் பார்க்கலாம். எந்த நாடானாலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா என்று தேடி, விசிட்டிங் கார்டில் உள்ள பெயரும் எண்ணும் அதில் உள்ளதும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். உரிமம் இருப்பதாலேயே ஒருவர் நல்ல முகவர் ஆகிவிட மாட்டார். ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் உரிமம் இல்லாதவரோடு அதற்கு மேல் பேசவே வேண்டாம்.

இப்போது திறமை. இதைப் பேச்சில் கண்டுபிடிக்க முடியாது, வீட்டுக்குள் கூட நடந்தால்தான் தெரியும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அக்கா ஒருவர் இருந்தார். அவரோடு முதல் மாதம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். வாங்க வந்தவர்கள் சமையலறையைப் பார்த்துச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா படுக்கையறையில் நின்றுவிட்டார். நான்கு சுவரில் ஒரு சுவருக்கு மட்டும் பெயிண்ட் புதிதாக இருந்தது. அதே நிறம்தான், ஆனால் மூலையில் இரண்டும் சேரும் இடத்தில் பழைய பெயிண்ட் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. அவர் உள்ளங்கையைச் சுவரில் முழங்கால் உயரத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு பக்கத்துச் சுவரில் வைத்துப் பார்த்தார். அப்புறம் வெளியே வந்து சுற்றிப் போய் அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தார். குளியலறை. திரும்பி வந்து வீட்டுக்காரரிடம் சாதாரணமாகக் கேட்டார்: “இந்தச் சுவருக்கு மட்டும் எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?” அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரமே போதுமாக இருந்தது. தெருவுக்கு வந்ததும் வாங்குபவர்களிடம் சொன்னார்: “வீடு வேண்டாம்னு சொல்லல. சுவருக்குள்ள குழாய் கசியுது, அதை மாத்தணும், அந்தச் செலவைக் கணக்குப் பண்ணிட்டு விலை பேசலாம். இல்லன்னா விட்டுடலாம்.”

நீங்கள் தேட வேண்டியது இதைத்தான். ஏழு வீட்டிலும் “ஹால் எவ்வளவு பெருசு பாருங்க, வெளிச்சம் பாருங்க” என்று மட்டுமே ஒருவர் சொல்லியிருந்தால், நீங்கள் கண்ணால் பார்த்ததையே உங்களுக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். வெளிச்சம் உங்களுக்கே தெரியும். தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும், மேல்மாடிக்காரருக்கும் கீழே இருப்பவருக்கும் என்ன தகராறு, பக்கத்துக் காலி மனையில் என்ன வரப்போகிறது, பராமரிப்புக்கு என்று பொதுவில் பணம் இருக்கிறதா, இதெல்லாம் அவர் வாயில் இருந்து வர வேண்டியவை.

நேரில் உட்கார்ந்து பேசும்போது, எத்தனை வருட அனுபவம் என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. அதற்குப் பதில், கடந்த ஒரு வருடத்தில் இதே பகுதியில், நீங்கள் தேடும் இதே விலை அளவில், வாங்குபவருக்காக எத்தனை வீடு முடித்துக் கொடுத்தார் என்று கேளுங்கள். பெரிய பங்களாக்களில் கை தேர்ந்தவருக்குச் சின்ன அடுக்குமாடி வீடுகளின் நுணுக்கம் தெரியாமல் போகலாம். அடுத்து, கைகூடாமல் போன ஒரு வியாபாரத்தின் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். இந்தக் கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக நம்புவேன். பத்திரத்தில் ஒரு வாரிசு கையெழுத்து இல்லை, வங்கி மதிப்பீடு குறைவாக வந்தது, கட்டுமான அனுமதிக்கும் கட்டிய அளவுக்கும் வித்தியாசம் இருந்தது என்று காரணத்தோடு ஒருவர் சொன்னால், அவர் காகிதங்களைப் படிப்பவர் என்று தெரிந்துவிடும். “என் கையில் எதுவும் தவறிப்போனதே இல்லை” என்று சொல்பவரைப் பார்த்தால் எனக்குப் பயம்தான். வீடு வாங்கித் தரும் தொழிலில், நடுவில் நிறுத்த வேண்டிய வியாபாரங்கள் வந்தே தீரும்.

பழைய வாடிக்கையாளர்கள் இருவரின் தொடர்பைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள். அவர்களிடம் “நல்லவரா?” என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் வரும். “குடிவந்து ஆறு மாதம் கழித்து உங்களுக்குத் தெரியவந்தது என்ன? அதை அவர் முன்பே சொல்லியிருந்தாரா?” என்று கேளுங்கள்.

விலை விஷயத்தில் ஒரே ஒரு சோதனை போதும். “இந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?” என்று கேளுங்கள். நல்ல முகவர் சுற்றுவட்டாரத்தில் சமீபத்தில் உண்மையாகவே விற்று முடிந்த நாலைந்து வீடுகளின் விலையை எடுத்துவைத்து, எது எந்த வகையில் இதைவிட மேல், எது குறைவு என்று விளக்குவார். விளம்பரத்தில் கேட்கும் விலையை மட்டும் காட்டுபவர் உங்களுக்கு எதையும் காட்டவில்லை. கேட்கும் விலை என்பது விற்பவரின் ஆசை மட்டும்தான்.

இன்னொன்று, உங்கள் உச்சவரம்பை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். “எவ்வளவு வரைக்கும் போகலாம்?” என்று எல்லா முகவரும் கேட்பார்கள், கேட்பதில் தப்பும் இல்லை. உங்களால் முடிந்ததைவிடக் கொஞ்சம் குறைத்தே சொல்லுங்கள். உங்களுக்காக மட்டும் வேலை செய்கிறார் என்று எழுத்தில் உறுதியான பிறகு முழுசாகச் சொல்லலாம். வீடு காட்டும் வரிசையையும் கவனியுங்கள். சுமாரான வீடு இரண்டைக் காட்டி அலுக்க வைத்துவிட்டு, மூன்றாவதாகத் தான் முடிக்க நினைக்கும் வீட்டுக்குக் கூட்டிப்போவது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். ஒரே வாரத்தில் ஏழு வீடு பார்த்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏழில் எத்தனை உங்கள் தேவைக்குப் பொருந்தியது என்று எண்ணிப் பாருங்கள். பாதிகூடப் பொருந்தவில்லை என்றால் அவர் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை.

“வேற பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்காங்க, இன்னைக்கே முன்பணம் கொடுத்தா நல்லது.” இது பொய்யாகத்தான் இருக்கும் என்று இல்லை. நல்ல வீட்டுக்குப் போட்டி இருக்கத்தான் செய்யும். ஆனால் முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டும். “சரி, காகிதங்களின் நகலை இன்றைக்கே அனுப்புங்கள், வழக்கறிஞர் பார்த்ததும் சொல்கிறோம்” என்று சொல்லுங்கள். உண்மையாக உங்களுக்காக வேலை செய்பவர் அன்று இரவுக்குள் நகல்களைத் திரட்டி அனுப்பிவிடுவார். அவசரப்படுத்த மட்டும் வந்தவரிடம் இருந்து காகிதம் வராது, இன்னொரு போன்தான் வரும்.

சொந்தக்காரர், நண்பரின் நண்பர் என்று முகவரை வைத்துக்கொள்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எப்படியும் யாராவது சொல்வார்கள். என் கருத்து, தவிர்த்துவிடுங்கள். திறமை இல்லாததால் அல்ல. ஒரு வீட்டைப் பார்த்து “இது பிடிக்கவில்லை” என்று சொல்லவும், “உங்களோடு இனி ஒத்துவராது” என்று சொல்லவும் உங்களுக்கு நாக்கு எழ வேண்டும். உறவில் அது எழாது.

பேசிப் பிடித்துவிட்டால் அடுத்தது ஒப்பந்தம். அமெரிக்காவில் இதில் பெரிய மாற்றமே வந்தது. கமிஷன் முறையை எதிர்த்து வீட்டை விற்றவர்கள் தொடுத்த வழக்குகளில், அங்குள்ள தேசிய முகவர் சங்கம் 2024 மார்ச்சில் 41.8 கோடி டாலர் தருவதாகச் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. அதன்படி 2024 ஆகஸ்ட் 17 முதல், வாங்குபவரோடு வேலை செய்யும் முகவர் வீடு காட்டப் போகும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். தனக்கு எவ்வளவு கட்டணம் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும், கட்டணம் சட்டம் நிர்ணயித்தது அல்ல, பேசிக் குறைக்கக் கூடியது என்பதையும் அதில் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் இப்படி விதி இருக்கிறதோ இல்லையோ, ஒரு பக்கத் தாளிலாவது எழுதி வாங்குங்கள்.

அந்தத் தாளில் நான் முதலில் பார்ப்பது காலம். மூன்று மாதத்துக்கு மேல் கட்டிப்போடும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பில் விலகலாம் என்று இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பிறகு நீங்களாகவே வாங்கும் வீட்டுக்கும் அவருக்குக் கட்டணம் உண்டு என்று ஒரு வரி சில ஒப்பந்தங்களில் ஒளிந்திருக்கும். அவர் நேரில் காட்டிய வீடுகளுக்கு மட்டும், குறிப்பிட்ட காலம் வரை என்றால் அது நியாயம். எல்லா வீட்டுக்கும் என்றால் அடித்துவிடச் சொல்லுங்கள். கட்டணம் எப்போது தர வேண்டும் என்பதும் முக்கியம். பத்திரப் பதிவு முடிந்த பிறகு என்று இருக்கட்டும். விற்பவரிடமோ கட்டுமான நிறுவனத்திடமோ கடன் தரும் நிறுவனத்திடமோ அவருக்குத் தனியாக ஏதாவது வருகிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். நான் பார்த்தவரை, இந்த ஒரு வரியை எழுதச் சொன்னதும் பேச்சை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக்கான பணத்தை முகவர் கையில் கொடுக்காதீர்கள். முன்பணம் சிறிய தொகை என்றாலும் சரி, விற்பவரின் கணக்குக்கோ சட்டப்படியான பொறுப்புக் கணக்குக்கோ (வியாபாரம் முடியும்வரை பணத்தை மூன்றாவது ஆள் பொறுப்பில் வைத்திருக்கும் கணக்கு) நேராகப் போகட்டும், ரசீதும் இருக்கட்டும். சிங்கப்பூரில் வீடு வாங்கும் விற்கும் பணத்தை முகவர் தொடவே கூடாது என்று விதியே இருக்கிறது. விதி இல்லாத இடத்தில் அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதேபோல வழக்கறிஞரையும் கட்டடத்தைப் பரிசோதிக்கும் பொறியாளரையும் முகவர் சொல்லும் ஆளாக வைத்துக்கொள்ள வேண்டாம், நீங்களே தேடுங்கள். வியாபாரம் முடியக் கூடாது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும், அடுத்த மாதம் வேலை வருமா என்று முகவரின் முகத்தைப் பார்க்கும் நிலையில் அவர்கள் இருக்கக் கூடாது. முகவர் எவ்வளவு நல்லவரானாலும் மூலப்பத்திரத்தைப் படித்து வில்லங்கம் பார்ப்பது அவர் வேலை அல்ல.

சரி, உங்கள் இரண்டு முகவர்கள் விஷயத்துக்கு வருவோம். இரண்டாமவர் வேண்டாம் என்ற வீட்டுக்கு என்ன காரணம் சொன்னார் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். “வாஸ்து சரியில்லை, எனக்கு என்னமோ பிடிக்கலை” என்ற மாதிரி என்றால் அதற்கு மதிப்பில்லை. சரிபார்க்கக் கூடிய காரணமாக இருக்க வேண்டும். அதை நீங்களே போய்ச் சரிபாருங்கள். பிறகு, அவர் காட்டிய இன்னொரு வீடு யாருடைய பொறுப்பில் விற்பனைக்கு வந்தது என்று விசாரியுங்கள். ஒரு வீட்டைத் தட்டிவிட்டுத் தன் கைவசம் உள்ள வீட்டின் பக்கம் தள்ளுவதற்காகவும் “வேண்டாம்” சொல்பவர்கள் உண்டு. காரணம் உண்மையாகவும் இருந்து, மற்ற வீட்டில் அவருக்குத் தனி லாபமும் இல்லை என்றால், அவரோடு மூன்று மாதத்துக்கு ஒப்பந்தம் போடுங்கள்.

முதலாமவரையும் ஒருமுறை சோதித்துவிடலாம், அவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுப்பது நியாயம். அவர் காட்டிய ஏழில் உங்களுக்கு மிகவும் பிடித்த வீட்டுக்கு இந்த வாரம் மறுபடியும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். வாசலில் நின்று கேளுங்கள்: “இதை உங்கள் தங்கைக்கு வாங்குகிறீர்கள் என்றால் எதைப் பார்த்துத் தயங்குவீர்கள்?” ஒரு குறையைத் தெளிவாகச் சொன்னால் அவரோடு இன்னும் பேசலாம். எதுவும் இல்லை என்று சொன்னால் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு நன்றி சொல்லி வந்துவிடுங்கள்.